வெற்றிலைத் தட்டில் போன கார்

ஆதிகேசவன் பழைய கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்த அன்று ஊரில் சிரிக்காத வாய் இல்லை. கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருந்த சின்ன ஊர் அது. சைக்கிள் வைத்திருந்தாலே அங்கே பெரிய மனிதன். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நெல் விவசாயி ஏரியோரத்து நிலத்தில் ஒரு துண்டை விற்றுக் கார் வாங்குகிறார், அதுவும் பதினாலு வருஷத்துப் பழைய கார் என்றால் சும்மா விடுவார்களா?

"கார் வாங்கினா பத்தாதுப்பா. தள்ளறதுக்கு நாலு ஆளும் சேர்த்து வாங்கணும்" என்று டீக்கடையில் பேச்சு. ஆதிகேசவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். யாரையும் முகம் கோண விடமாட்டார் அவர். எல்லோருக்கும் நல்லவர். எல்லோருக்கும் நல்லவராக இருப்பவர்கள் வீட்டில் யாராவது ஒருவர் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவருக்குக் கடைசி வரை உறைக்கவில்லை.

கார் வேண்டியிருந்தது அவர் மகள் சந்திரகலாவுக்காக. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய வலது கால் சூம்பிப் போயிருந்தது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் கட்டைக் கோலுமாக உள்ளூர்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்து முடித்தாள். அதற்கு மேல் திருவள்ளூருக்குத்தான் போக வேண்டும். பஸ் படி அவளுக்கு உயரம், ரயில் படி அதைவிட உயரம். மாட்டு வண்டியில் போனால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். ஒன்பதாவது முழுக்க ஆதிகேசவன் அவளைத் தூக்கித்தான் ரயிலில் ஏற்றி இறக்கினார். பிளாட்பாரத்தில் நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். வருஷக் கடைசியில் ஒரு நாள் அவள் சொன்னாள்:

"நைனா, என்ன மூட்ட மாரி தூக்காதீங்க. நான் படிக்கல, ஊட்லயே இருக்கறேன்."

அன்று ராத்திரி ஆதிகேசவன் சாப்பிடவில்லை. மறுநாளே நிலத்துக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார். அந்த மனிதரிடம் பாசத்துக்குக் குறைவே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கார் திருவள்ளூரில், கோயில் தெருவில் இருந்தது. வக்கீல் தேசிகனுடையது. பரம்பரையாகக் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், அதில் அவர் ஒருவர்தான் கோர்ட்டுப் பக்கம் வந்தவர். கண் மங்கிப்போய் ஓட்ட முடியாமல் விற்கிறார் என்று கேள்வி. ஆதிகேசவன் மெக்கானிக் வீரராகவனைக் கூட்டிக்கொண்டு, எஞ்சின் சூடாவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே போய்ச் சேர்ந்தார். கறுப்பு லேண்ட்மாஸ்டர். ஒரே முறுக்கில் ஸ்டார்ட் ஆயிற்று. வீரராகவன் மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தார், புகைக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வயசுதான் ஆச்சு. தெனம் ஓடின வண்டி, தூங்கின வண்டி இல்ல. கண்ண மூடிக்கினு வாங்கு."

ஆதிகேசவன் அதற்குள் வேறொரு வேலையில் இருந்தார். பின் கதவைத் திறந்து, தரையிலிருந்து அடிப்பலகை வரைக்கும் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

தேசிகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "என்னங்காணும் அளக்கறீர்?"

"பொண்ணுக்குங்க சாமி. காலு சொகமில்ல. ஸ்கூலுக்குப் போவணும். யாரும் தூக்காம அதுவா ஏறி எறங்கணும், அதான் பாக்கறேன்."

தேசிகன் கிட்டே வந்து திறந்திருந்த கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மெட்ராஸ்லேர்ந்து ஒரு டாக்ஸிக்காரன் வந்து ஒமக்கு மேல தரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். வாடகைக்கு விடறதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும். வண்டி ஒமக்குத்தான்" என்றார்.

"சத்தியமா வாடகைக்கு விடமாட்டேன் சாமி."

அந்தச் சத்தியத்தை ஆதிகேசவன் ஒரு நாளும் மீறவில்லை. வாடகை என்று யாரிடமும் ஒரு தம்பிடி வாங்கியதில்லை. எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தார்.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஓட்டிப் பழகி, லைசென்ஸ் வாங்கி, எழுபதாம் வருஷம் ஜூன் மாதம் சந்திரகலாவைப் பத்தாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளே கதவைத் திறந்தாள், கோலை உள்ளே வைத்தாள், கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வாசலில் அவளே இறங்கினாள். உள்ளே போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆதிகேசவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மழையில், சேற்றில், வெயிலில் என்று அந்த லேண்ட்மாஸ்டர் ஒரு காலை கூட மக்கர் பண்ணியதில்லை. தள்ளுவதற்கு ஆள் தேடியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

வாயை மூடிக்கொண்டவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் எது கேட்பதானாலும் ஒரு முறை உண்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் தட்டில் வைத்து, வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரரை நிற்க வைத்துக் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. மறுத்தால் தட்டை அவமதித்ததாகப் பேச்சு வரும், பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முதலில் மேலத்தெருக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வந்தார்கள். பெட்ரோல் அவர்களுடையது. ஆதிகேசவன் தானே ஓட்டிக்கொண்டு போனார். நாயனம் முன்னால் வாசிக்க, மாப்பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஊர்கோலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது ஊரே தன்னைப் பார்ப்பது போல அவருக்கு இருந்தது. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'அண்ணன் காரு இருக்கும்போது நமக்கின்னா கொற' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சாவி கை மாறிவிடும்.

அதற்குப் பிறகு கல்யாணம், வளைகாப்பு, வேண்டுதல், நிலப் பத்திரம் பதிய என்று எல்லாவற்றுக்கும் தட்டு வந்தது. கார் போன நாளெல்லாம் சந்திரகலா வீட்டில் இருந்தாள். பாடத்தை மறுநாள் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். கேட்காமலே சொன்னது அவர் மனைவி ஜானகியம்மாள்தான்.

"இன்னாங்க, நாம வாங்கினது ஊருக்கா, நம்ம பொண்ணுக்கா?"

"ஒரு நாள்தானே. வெத்தல பாக்கு வச்சிக் கேட்டுட்டாங்க, இன்னா பண்றது?"

இப்படியே எழுபத்திரண்டு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. சந்திரகலா டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று மனதில் வைத்திருந்தாள். வகுப்பில் ஒரு இடத்தில் நின்று செய்கிற வேலை, காலை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாளாம். தமிழும் இங்கிலீஷும் நன்றாக எழுதிவிட்டாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கணக்குப் பரீட்சை.

திங்கட்கிழமை தட்டு வந்தது. இந்தத் தடவை கொண்டுவந்தவர் ஆதிகேசவனின் கூடப் பிறந்த அண்ணன் சுப்பராயன். அவர் மச்சானின் மகனுக்குப் புதன்கிழமை பொன்னேரியில் முகூர்த்தம். "செவ்வாக்கெழம எடுத்துக்கினு போயி, பொதன் சாயங்காலம் கொண்டாந்து உட்டுடறேண்டா. நம்ம பையனே ஓட்டுவான்" என்றார். உள்ளே ஜானகியம்மாள் கதவோரம் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். ஆதிகேசவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

புதன் சாயங்காலம் கார் வரவில்லை. "வந்துடும், அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்றார். வியாழன் விடிந்தது. வரவில்லை. சந்திரகலா தலைவாரி, பேனாவில் மை ஊற்றிக்கொண்டு ஆறு மணிக்கே தயாராக இருந்தாள். ஆறு மணிக்கு மாட்டு வண்டி பூட்டியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். வழியில் கார் எதிரே வந்தால் அண்ணன் என்ன நினைப்பாரோ என்று ஆதிகேசவன் ரோட்டில் போய் நின்று எட்டேகால் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் வண்டி கட்டினார். கடம்பத்தூர் வந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. செங்கல் லாரி ஒன்றை நிறுத்திக் கெஞ்சினார். டிரைவர் மேலிருந்து இழுக்க, ஆதிகேசவன் கீழிருந்து தள்ள, பதினேழு வயதுப் பெண்ணை லாரியில் ஏற்றினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். அரை மணிக்கு மேல் தாமதித்தவர்களை விடக் கூடாது என்பது சட்டம். தலைமையாசிரியை அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "செப்டம்பர்ல எழுதும்மா" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குக் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குளத்தோரம் மரநிழலில் அவர்களுடைய கார் நின்றுகொண்டிருந்தது. முகப்பில் மாலை போட்டிருந்தார்கள். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலுக்குள் போயிருந்தார்கள். சுப்பராயன் பின் கதவைத் திறந்து போட்டு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, தொன்னையில் புளியோதரை தின்றுகொண்டிருந்தார்.

"அட ஆதி! நீயும் வந்துட்டியா? வா வா, பிரசாதம் துண்ணு. பொண்ணு மாப்பிள்ளய அப்பிடியே பெருமாள சேவிக்க வச்சிட்டுப் போவலாம்னு வந்தோம். காரு இன்னாமா ஓடுது தெரியுமாடா? ஒரு எடத்துல நிக்கலியே!"

ஆதிகேசவன் காரையும் அதன் மாலையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "பாப்பாக்கு இன்னிக்குப் பரீச்ச அண்ணா" என்றார்.

சுப்பராயன் கை அப்படியே நின்றது. "இன்னிக்கா? அடப்பாவி, எங்கிட்ட ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேனே!"

உண்மைதான். அவர் கெட்டவர் இல்லை, சொல்லியிருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார். தட்டோடு வந்த அண்ணனிடம் பரீட்சை என்று ஒரு சொல் சொல்ல ஆதிகேசவனுக்கு நா எழவில்லை. நல்லவர் என்ற பேர் ஒரு நிமிஷம் ஆட்டம் காணுமே!

சந்திரகலா கோலை ஊன்றிக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பெரியப்பா வாக்குத் தவறிவிட்டார், வழியில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லவே இல்லியா நைனா?" என்று கேட்டாள். அவர் குனிந்துகொண்டார். பெரியப்பா காரில் ஏறச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் அவள் ஏறவில்லை. பஸ்ஸில் நாலு பேர் தூக்கிவிட ஏறினாள்.

மீதிப் பரீட்சைகளுக்கு அவளைக் காரில்தான் கூட்டிப்போனார். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கணக்கு எழுதாததால் தேறவில்லை. டிரெயினிங் அந்த வருஷம் இல்லை என்று ஆயிற்று.

ஆதிகேசவன் அதன் பிறகு மாறினார் என்றுதான் சொல்ல வேண்டும். செப்டம்பர் பரீட்சை வந்த வாரம் வந்த தட்டைத் தொடக்கூட இல்லை. "முடியாதுங்க, பொண்ணுக்குப் பரீச்ச" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். கேட்டு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், தெருவில் இரண்டு நாள் கண்டபடி பேசினார்கள். பொறுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம் என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் பூராவும் கழனியில் நின்று நடவைக் கவனித்துவிட்டு இருட்டிய பிறகுதான் வந்தார். பெண் படுத்துவிட்டாள் என்று மனைவி சொன்னாள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து காரைத் துடைத்தார். ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்தார். ஒரே முறுக்கில் எடுத்தது. பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "பாப்பா, நேரமாச்சு" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து ஜானகியம்மாள் மட்டும் வந்தாள்.

"அவ ஊட்ல இல்லீங்க. ராத்திரி படுத்துட்டான்னு சும்மா சொன்னேன். நேத்து மத்தியானமே மாட்டு வண்டி வச்சி அனுப்பிட்டேன். திருவள்ளூர்ல டீச்சரம்மா ஊட்லயே தங்கி எழுதறாளாம்."

"நான்தான் இருக்கேனே! காரு நிக்குதே! எதுக்கு இப்பிடி..."

"நானும் சொன்னேன். 'காரு வரும்மா, அதுமேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. நைனாவ நம்பிக்கினு இன்னொரு தபா உக்காந்திருக்க முடியாது'ன்னுட்டா."

ஆதிகேசவன் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்துங்க, பெட்ரோல் வீணாவுது" என்றாள் ஜானகியம்மாள்.