ஆன்ட்டியின் முதல் டேக்

ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆன்ட்டி மைக்கைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஊசியோடு வரும் நர்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கலிஃபோர்னியாவின் பிளசன்டனில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய வீடு அவருடையது. பாளையங்கோட்டைக்காரர். இங்கே வாடகைக் கூடத்தில் கூடும் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பவர் அவர்தான். அடுத்த வாரம் அவருக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளின் கல்யாணமோ அதற்குப் பிறகுதான். மகள் பீடத்தை நோக்கி நடந்து வரும்போது தன் குரல்தான் கேட்கவேண்டும் என்பது ஆன்ட்டியின் நெடுநாள் ஆசை. “கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கீங்க தம்பி, ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணித் தாங்களேன்” என்றார். நான் பார்ப்பது டேட்டாபேஸ் வேலை. ஆனால் தெரியாத ஒன்றைக் குடைந்து பார்க்க யாராவது சாக்கு கொடுத்தால் நான் விடமாட்டேன்.

ஒலிப்பதிவு மென்பொருளை இறக்கினேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி ஒன்றும் வாங்கினேன். துணி அலமாரி அறைதான் ஸ்டூடியோ; தொங்கும் புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும். பட்டுப் புடவை மேல் கை படக்கூடாது என்ற நிபந்தனையோடு மனைவி அனுமதி தந்தாள்.

முதல் டேக்கில், அதாவது முதல் முறை பதிந்தபோது, பாட்டு ஜவ்வாக இழுத்தது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஆன்ட்டி நின்றார். தாளம் தவறுகிற ஆள் இல்லையே என்று எனக்கு ஆச்சரியம். கேட்டேன். “பின்னாடி உள்ளவங்க லேட்டா வாராங்கல்லா தம்பி, அவங்க வந்து சேர வேண்டாமா?” என்றார். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவர் குரலே கணினிக்குள் போய், சற்றுத் தாமதித்து ஹெட்போனில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பின்வரிசைச் சபையாக எண்ணி, வழக்கம்போல் காத்திருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

கணினி ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்துத்தான் அனுப்புகிறது. சேர்க்கும் அளவைக் குறைத்தால் தாமதம் குறையும். ரொம்பக் குறைத்தால் இயந்திரம் திணறி, கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். வைஃபையை அணைத்தேன், பின்னணியில் ஓடியவற்றை ஒவ்வொன்றாக மூடினேன், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் தாமதமும் இல்லை, படபடப்பும் இல்லை. அலுவலகத்தில் எந்த வேலை முடிந்தபோதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஆன்ட்டி பிசிறில்லாமல் பாடி முடித்தார்.

டாக்டர் பயந்தபடியே ஆயிற்று. சிகிச்சைக்குப் பிறகு ஆன்ட்டியின் குரல் தணிந்து கரகரத்துவிட்டது. மகளுக்கு இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். “தி ஃபர்ஸ்ட் ஒன், அங்கிள்” என்றாள்.

“அது தப்பான டேக்மா.”

“ஐ நோ. பட் தட்ஸ் ஹவ் அம்மா சிங்ஸ்.”

இன்றைக்கும் இரண்டும் என் கணினியில் இருக்கின்றன. நான் அத்தனை பாடுபட்டு எடுத்ததை யாரும் கேட்பதில்லை.

கல்யாணத்தன்று முன்வரிசையில் ஆன்ட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். பாட்டு தொடங்கியது, மகள் நடக்க ஆரம்பித்தாள். முதல் அடி முடிந்ததும் பதிவில் ஆன்ட்டியின் குரல் நின்றது. யாரும் சொல்லாமலே சபை பாட்டில் சேர்ந்துகொண்டது. பின்வரிசைக்காரர்கள் வழக்கம்போல் தாமதமாகத்தான் முடித்தார்கள். அவர்கள் முடித்த பிறகே அடுத்த அடி தொடங்கியது. ஆன்ட்டி திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அந்தக் கரகரத்த குரலில் சொன்னார்: “எல்லாரும் வந்துட்டாங்க தம்பி.”