மீன் தின்னாத வீட்டுக்காரர் போட்ட கூறு

எழுபதுகளின் தொடக்கம். ஜாதவ்பூரில் எங்கள் தெருவுக்கும் பின் தெருவுக்கும் நடுவே ஒரு குளம். கட்சிச் சண்டையில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு செத்த பிறகு அதில் யாரும் இறங்கவில்லை. ஆகாயத்தாமரை மூடி நாறிக் கிடந்தது.

அடுத்த வீட்டு மாஷிமாவின் ஒரே மகன் அந்தச் சண்டையில் காணாமல் போனவன். அந்த வங்காளி ஊரில் வயதான பெண்களை மாஷிமா என்றுதான் கூப்பிட வேண்டும், நம் ஊர்ச் சித்தி மாதிரி. "பயந்துக்கிட்டு எங்கேயோ ஒளிஞ்சிருக்கான். சண்டை ஓயட்டும், வந்துடுவான்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அவன் உயிரோடு இல்லையென்று தெரு முழுக்கத் தெரியும். அதை அந்தத் தாயிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

போலீஸ் கெடுபிடி தணிந்ததும் இரண்டு தெருப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். எல்லோரும் சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்வது, மீன்குஞ்சு விடுவது, வளர்ந்ததும் வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொள்வது. எல்லாம் சரி, கூறு போடுவது யார்? அதில் மறுபடியும் முறைத்துக்கொண்டார்கள். இவன் போட்டால் அவனுக்குச் சந்தேகம். கடைசியில், மீனே தின்னாத ஒரே வீடு என்று என் கணவரைப் பிடித்தார்கள்.

"உங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? வாடை பட்டாலே குமட்டும் உங்களுக்கு!" என்றேன்.

"ஏட்டி, நீ சும்மா இரு. சண்டை தீரும்னா மூக்கைப் பொத்திக்கிட்டாவது போட்டுட்டு வாரேன்" என்றார் திருநெல்வேலிச் சைவப்பிள்ளை.

முதல் வலை போட்ட காலையில் இரண்டு தெருவும் கரையில் திரண்டது. பெரிய பெரிய ரோகு மீன்கள். இவர் அவற்றை வெட்டச் சொல்லி, துண்டுகளை ஒழுங்காகப் பங்கு வைத்துவிட்டு, தலைகளையெல்லாம் கழிவென்று நினைத்துக் குப்பைக் கூடையில் தள்ளினாரே பார்க்கலாம்! மீன் தலைக்கு உயிரை விடுகிற ஊரில்!

"ஐயையோ, தலையைப் போய்க் குப்பையிலா!" என்று ஒரே கூச்சல். யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், இரண்டு தெருவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தது. அட பாவிகளா, இப்படிச் சிரிக்கத் தெரிந்தவர்கள்தானா வெட்டிக்கொண்டீர்கள் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இருப்பதிலேயே பெரிய தலை மாஷிமாவுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பின் தெரு இளைஞன் ஒருவன் அதை வாழையிலையில் ஏந்திக்கொண்டு அவரிடம் வந்தான்.

மாஷிமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "சண்டைதான் தீர்ந்துபோச்சே, இனி அவன் வரலாமில்ல? தலைன்னா அவனுக்கு உசிரு. என்னைக்கு வருவான்னு மட்டும் சொல்லுப்பா, அன்னைக்குச் சமைக்கிறேன்."

அந்த இளைஞன் இலையை மாஷிமாவின் மடியில் வைத்தான்.

"நீங்களே சாப்பிட்டுடுங்க, மாஷிமா" என்று சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

மாஷிமா என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். நாங்கள் இருவரும் தரையைப் பார்த்தோம். மாஷிமாவுக்குப் புரிந்துவிட்டது.

சமாதானம் நிலைத்தது. வருஷா வருஷம் இவர்தான் கூறு போட்டார். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சண்டை ஓயாத வரைக்கும் அந்த அம்மாளுக்கு ஒரு மகன் இருந்தான்.