இரண்டு விரலும் நான்கு விரலும்

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே வேலை பார்த்த ஜெயராமனும் குமரவேலும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் தொப்பியில் ஒரு தட்டு. கடைசி சில வருடங்களாக ஒரே பேச்சுதான். குமரவேல் இரண்டு விரலைக் காட்டுவார். ஜெயராமன் நான்கைக் காட்டுவார்.

எல்லாம் ஒரு படகால் வந்த வினை. ரிட்டயர்டானதும் மீன்பிடிக்கப் போகலாமென்று, குமரவேலின் சொந்த ஊரான கடலூர்க் கரையில் இருவரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கிப் போட்டிருந்தார்கள். எஞ்சின்தான் பாக்கி.

"ஃபோர் ஸ்ட்ரோக்தான். பெட்ரோல் கம்மி, ஆயில் கலக்குற தொல்லை இல்ல, சத்தமே வராது" என்பார் ஜெயராமன்.

"சத்தம் வரலன்னா எஞ்சின் ஓடுதுன்னு உனுக்கு எப்டிடா தெரியும், செவிடா? டூ ஸ்ட்ரோக்னா நடுக்கடல்ல நின்னாலும் பிளக்கைத் தொடச்சிக்கினு வந்துடலாம்" என்பார் குமரவேல்.

தனக்குக் காது மந்தம் என்பதை ஜெயராமன் ஒப்புக்கொண்டதே இல்லை. இவரும் இறங்கி வரவில்லை, அவரும் இறங்கி வரவில்லை. படகு கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தது.

மாரடைப்பில் ஆஸ்பத்திரியில் கிடந்த குமரவேல், வாயில் குழாயோடு, பார்க்கப் போன ஜெயராமனிடம் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அப்போதாவது இந்த மனிதர் விட்டுக்கொடுத்திருக்கலாம். பழக்க தோஷம், நான்கைக் காட்டினார். குமரவேல் கண்ணால் சிரித்தார். மறுநாள் போய்விட்டார்.

"அண்ணே, அவரு சாம்பல அந்தப் படகுலதான் கொண்டுகினு போயி கரைக்கணும்" என்றார் குமரவேலின் மனைவி அமிர்தம்.

ஜெயராமன் உடனே எஞ்சின் கடைக்குப் போனார். அங்கேயும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் கேட்டார். கடைக்காரர் எஞ்சினைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் கயிற்றை இழுத்தார். ஜெயராமன் காத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி."

"ஓடிக்கினுதாங்க இருக்குது."

மூடியில் கை வைத்துப் பார்த்தார். அதிர்ந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு விரலைக் காட்டினார்.

"டூ ஸ்ட்ரோக்குங்களா?"

தலையாட்டினார்.

அடுத்த நாள் குமரவேலின் தம்பி படகை ஓட்டினார். எஞ்சின் போட்ட கூச்சல் ஜெயராமனுக்கே நன்றாகக் கேட்டது. சாம்பல் பானையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்பர்கள் இருவரும் சேர்ந்து அந்தப் படகில் போனது அந்த ஒரு முறைதான்.

பானையைச் சாய்க்கும் முன், அதற்கு நேரே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். பதிலுக்குக் காட்ட எதிரே கை இல்லை.