உள்ளே விட்ட துணி

காலை 10.10. லஸ் முனையில் 12பி ஏறினேன். தி.நகருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான். டிக்கெட் ஏழு ரூபாய். காசிக்கும் லடாக்குக்கும் போய்வந்து பக்கம் பக்கமாகப் பயணக் கட்டுரை எழுதித் தள்ளியவன் நான். பாதியில் இறங்கிவிடலாமா என்று அங்கெல்லாம் தோன்றியதில்லை, இந்த ஏழு ரூபாய்ப் பயணத்தில் தோன்றியது.

விஷயம் இதுதான். என் மனைவி சரோஜா இறந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் அவள் கைப்பையில் ஒரு தையல்கடைச் சீட்டு கிடைத்தது. பட்டு ஜாக்கெட் ஒன்று என்று எழுதியிருந்தது. கொடுத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. இந்த ஆறு மாதமாக நான் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை வருவேன். எந்தப் பக்கம் போவது என்று புரியாமல் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு வீட்டுக்கே திரும்பிவிடுவேன். தொலைந்துபோனவன் மாதிரி என்றெல்லாம் சுற்றி வளைக்க வேண்டாம், தொலைந்துதான் போயிருந்தேன். போவதற்கு ஓர் இடம் என்று கையில் கிடைத்தது இந்தச் சீட்டுதான்.

போக வேண்டிய இடம் இன்னொன்றும் இருந்தது. அடையாறு காந்தி நகரில் என் ஒரே மகள் வித்யா இருக்கிறாள். காரியத்தன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் என்னைப் பார்த்து, "பக்கத்துலயே இருந்தியேப்பா, அம்மா இப்படி இளைச்சது உன் கண்ணுல படவே இல்லையா?" என்று கேட்டாள். பட்டது. அதுதான் கொடுமை. "இளைச்சது உனக்கு எடுப்பா இருக்கு" என்று சரோஜாவிடம் சொல்லிச் சிரித்தவன் நான். அப்போதே அவள் கணையத்தில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. இதை மகளிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவள் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வேன். அவள் வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

10.50. பாண்டி பஜாரை ஒட்டிய சந்து. மாடிக்குப் பதினான்கு படி. தஸ்தகீர் பாய் மெஷினில் குனிந்திருந்தார். முப்பது வருஷமாக சரோஜாவுக்குத் தைப்பவர். அவருக்கு என்னைக் கீழே ஸ்கூட்டரோடு காத்திருக்கும் ஆளாக மட்டுமே தெரியும்.

"வாங்க சார். அம்மா வர்லியா?"

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன். விவரம் தெரியாதவர்கள் எல்லோரிடமும் சொல்லிவரும் பொய். சொல்லிச் சொல்லி எனக்கே அது பாதி நிஜமாகிவிட்டது.

பரணிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தார். "எவ்ளோ நாளா கீது சார் இது! அம்மா எப்பனாலும் வருவாங்கன்னு பத்திரமா வச்சிக்கினேன்." மாம்பழ நிறப் பட்டு ஜாக்கெட். அதை உள்பக்கமாகத் திருப்பித் தையலோரம் விரலை ஓட்டினார். "இத்த பாத்தீங்களா? பக்கத்துக்கு ஒண்ரை இஞ்சு துணி உள்ள வுட்டுகிறேன். அம்மாதான் சொன்னாங்க. 'இப்ப கொஞ்சம் இளைச்சிட்டேன் பாய், தீபாவளிக்குள்ள பழையபடி குண்டாயிடுவேன், அப்ப பிரிச்சி விட்டுக்கலாம்'னாங்க. சிரிச்சிக்கினே சொன்னாங்க. இப்ப தேறிட்டாங்களா சார்? பிரிச்சி வுட்டுரட்டுமா?"

"இறந்துட்டா பாய்" என்றேன். "ஆறு மாசம் ஆச்சு."

இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. பாய் மெஷின் விளக்கை அணைத்தார். ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

11.40. வெங்கட்நாராயணா சாலையில் ஆட்டோ. மயிலாப்பூருக்கு நூற்றைம்பது ரூபாய் பேசினேன். நந்தனம் சிக்னலைத் தாண்டியது. நேரே போனால் வீடு. வலப்பக்கம் திரும்பினால் கோட்டூர்புரம் பாலம், அதைத் தாண்டி காந்தி நகர். மடியில் பை சூடாக இருந்தது.

"அடையாறு போங்க" என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், ஏறும்போது மயிலாப்பூர்ன, இப்ப அடையார்ன்ற. எங்க போவணும்னு தெர்ஞ்சிதான் வண்டில ஏறுனியா?"

"இப்பதான் தெரிஞ்சுது."

"தெர்ஞ்சா சரி. அம்பது ரூபா மேல குடு."

பாலத்தில் வண்டியை மெதுவாக்கி ஆற்றோரம் கை நீட்டினார். "எங்க வூடு இங்கதான் இருந்துச்சு. இடிச்சிட்டு தூரமா அனுப்ட்டாங்க, இப்ப பெரும்பாக்கத்துல கீறோம். இப்பிடிக்கா வந்தா கழுத்து தானா திரும்புது." அங்கே புல்லும் உடைந்த சுவரும்தான் தெரிந்தன. நானும் திரும்பிப் பார்த்தேன்.

12.15. வித்யா கதவைத் திறந்தாள். காதில் ஆபீஸ் ஹெட்போன். "அப்பா?" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். "கண்ணுல பட்டதுடி. எடுப்பா இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

ஜாக்கெட்டைக் கொடுத்து, பாய் சொன்னதையும் சொன்னேன். அவளும் அதைத் திருப்பி, உள்ளே மடித்திருந்த துணியைத் தடவினாள்.

"அப்போ அம்மாவுக்கே தெரியலையாப்பா?"

"தெரியலை."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மட்டும் என்னப்பா? அம்மா இளைச்ச சமயத்துல வந்தப்போ, என்ன டயட்ல இருக்கேம்மான்னு கேட்டேன். எனக்கும் சொல்லிக்குடுன்னு கேட்டேன்ப்பா."

காரியத்தன்று அவள் என்னைக் கேட்ட கேள்வி யாருக்கானது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதம் இரண்டு வீட்டில் தனித்தனியாக அழுததை அன்று சேர்ந்து அழுதோம். ஹெட்போனில் யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

3.30. அடையாறிலிருந்து பஸ். மயிலாப்பூர் நாலரை கிலோமீட்டர். கிளம்பும்போது வித்யா தன்னுடைய அளவு ஜாக்கெட்டையும் பையில் வைத்தாள். "பிரிச்சு எனக்கு ஆகுற மாதிரி விடச் சொல்லுப்பா. வாங்கிட்டு நீயே வா, கூரியர்ல அனுப்பாதே" என்றாள். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும்போது இரண்டு ஜாக்கெட்டையும் மடியில் வைத்துப் பார்த்தேன். தேறிவிடுவோம் என்று நம்பி சரோஜா தனக்காக விட்டுவைத்த துணி. அதில் ஓர் அங்குலம்கூட அவளுக்கு உதவவில்லை.

வீட்டைத் திறந்து காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையில் பாய் என்று எழுதினேன், சனிக்கிழமையில் வித்யா என்று எழுதினேன். மற்ற நாள்கள் காலியாகத்தான் இருந்தன.