இடது கால் தண்டை

இந்த ஜெர்மனி யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஐந்து வயது மகளின் இடது கால் தண்டை அன்றும் மண்ணில் கழன்று கிடந்தது.

"ஏஞ் சாமி, லாடம் அடிக்கறவனக் கூட்டியாந்து ஆணி வெச்சு அடிச்சுப்போடலாமா?" என்று சிரித்தார் அவள் அப்பா.

"நாங் கழட்டலீங்கப்பா. அதுவே போவுதுங்க."

அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பிறகு ஏன் எப்போதும் இடது தண்டையே? இரண்டும் ஒரே அளவில் செய்தவைதானே? வரப்பில் உட்காரவைத்து இரண்டையும் கால் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கழன்று விழுந்த தண்டை வலது காலில் கெட்டியாக நின்றது. மற்றது இடது காலில் ஏறியதும் குதிகாலைத் தாண்டி நழுவியது. பாதங்களைச் சேர்த்து வைத்தேன். இடது பாதம் சிறுத்திருந்தது. தொட்டால், அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

பிறந்தபோதே அவளுக்கு முதுகுத்தண்டு முடியும் இடத்தில் எலுமிச்சம்பழம்போல் மெத்தென்று ஒரு கட்டி உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே சேலத்து டாக்டரிடம் காட்டியிருந்தோம்.

"கொழுப்புக் கட்டிதாம்மா. ஆனா வேர் உள்ளே போய் நரம்போட ஒட்டியிருக்கும். இப்போ அறுத்து நரம்புல பட்டா, நல்லா உதைக்கற கால் நின்னுடும். விட்டுவெச்சா ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம், வளர வளரக் கெடுக்கவும் செய்யலாம். காலிலயோ, ஒண்ணுக்குப் போறதிலயோ மாற்றம் தெரிஞ்சா உடனே வாங்க" என்றார் அவர்.

அன்றுமுதல் அவள் நடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடையில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தக் கடலைய முடிச்சுப்போட்டுப் போலாமல்லோ?" என்றார் வீட்டுக்காரர்.

"கடலை கெடக்கட்டுமுங்க."

மறுநாளே சேலம் போனோம். டாக்டர் இரண்டு கால்களையும் நாடாவால் அளந்தார். "இனிமே காத்திருக்கக் கூடாதும்மா" என்றார்.

ஆபரேஷனுக்கு அவளை உள்ளே கொண்டுபோனபோது தண்டைகளைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். கதவு திறந்ததும் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். "முடிஞ்சவரைக்கும் எடுத்துட்டேன். நரம்போட ஒட்டினதைத் தொடலை" என்றார். மயக்கம் தெளிந்த பிள்ளை தண்ணீர் கேட்டாள். நான் அவள் கால்விரல்களையே பார்த்தேன். இரண்டு காலிலும் அசைந்தன.

குப்புறப் படுக்கவைத்திருந்த நாட்களில் ஒருநாள் டாக்டரிடம் கேட்டேவிட்டேன்: "கைக்குழந்தையிலயே அறுத்திருந்தா இந்தப் பாதம் சிறுத்திருக்காதுங்களா?"

"தெரியாதும்மா. அப்பவே அறுத்து இவ நடக்காமப் போயிருந்தா, ஏன் அறுத்தீங்கன்னு கேட்டிருப்பீங்க. அதுக்கும் எங்கிட்ட பதில் இருந்திருக்காது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஏனோ அதன்பிறகே அவர்மேல் நம்பிக்கை கூடியது.

சிறுத்த பாதம் மற்றதை எட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் மேலும் பின்தங்கவும் இல்லை. காட்டிலும் மேட்டிலும் ஓடுகிறாள். கால் வளர வளரப் புதுத் தண்டை செய்கிறோம். இடது தண்டையின் உள்பக்கம் மட்டும் நூல் சுற்றிப் போடுகிறாள். அறுப்பதற்கு எது சரியான சமயம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. அவள் கால் கழுவி வரும்போதெல்லாம் அந்தத் தண்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன். "கூசுதுங்கம்மா!" என்று காலை இழுத்துக்கொள்வாள். இடைவெளி நேற்று இருந்த அளவுதான் என்று தெரிந்த பிறகே எனக்கு மூச்சு சீராகிறது.