தாராபுரத்தில் இறங்கிய பெண்

மார்பிலிருந்த புற்றுநோய் கக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டதென்று டாக்டர் சொன்ன அன்று, தலைமன்னார் பஸ்ஸில் என் பக்கத்தில் முக்காடிட்ட பெண்ணொருவர் இருந்தார். வீங்கிய இடக்கையை விரலிலிருந்து தோள்வரை நீவிக்கொண்டே வந்தார். என் மடியிலிருந்த ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்தார்.

"டாக்டர் என்னவாம், மகள்?"

"மார்பில புற்றுநோய். கக்கத்துக்கும் பரவிட்டுதாம்." வேறு யாருடைய வருத்தத்தையோ சொல்வதுபோலச் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான். வெட்டி எடுத்தாங்க. பிறகுதான் இந்தக் கை வீங்கினது. சாப்பிட்டீங்களா?"

"தெரியேல்ல."

அவர் சிரிக்கவில்லை. தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார். ருசி தெரியாமலே தின்றேன். நான் தின்று முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, வழியிலிருந்த தாராபுரத்தில் இறங்கிப் போனார்.

இப்போது சுகமா என்று அவரிடம் கேட்கவேண்டுமென்று, பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.