கிணற்றடியில் துப்பிய கொந்தராத்துக்காரர்

ஒரு நாள் காலை எங்கள் குசினிக்குக் கூரையாகப் போட்டிருந்த கொங்கிறீட் பிளாட்டிலிருந்து ஒரு பெரிய துண்டு கழன்று அடுப்புக்கு முன்னால் விழுந்தது. என் மனைவி அந்த நேரம் பின்வளவில் முருங்கையிலை முறித்துக்கொண்டு நின்றாள். துண்டு விழுந்தது அவள் வழக்கமாக நின்று கறி துழாவுகிற இடத்தில். அன்றிலிருந்து அவள் குசினிக்குள் கால் வைக்கவில்லை. வெளியே தகரத்துக்குக் கீழே மூன்று கல்லு வைத்துச் சமைத்தாள். மாரிக்கு முன்னம் புதுப் பிளாட் போடாவிட்டால் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றும் சொல்லிவிட்டாள். அவள் சொல்லிச் செய்யாமல் விட்ட காரியம் எதுவும் எனக்கு நினைவில்லை.

பழைய பிளாட்டைப் போட்டவர் கரவெட்டி ஊரைச் சேர்ந்த கட்டடக் கொந்தராத்துக்காரர். அதில் கீறல் விழத் தொடங்கிய நாள் முதல், அவர் சீமெந்தைக் குறைத்துக் களவெடுத்தவர் என்று கோயில் வீதியிலும் கலியாண வீடுகளிலும் சொல்லி வந்தேன். என் பேச்சைக் கேட்டு எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்காரர் அவரை விட்டு வேறு ஆள் பிடித்தார்கள். ஊருக்கு ஒரு நன்மை செய்ததாகவே நினைத்தேன். ஓய்வுபெற்ற கிளாக்கருக்கு வேறு என்ன சேவை செய்யக் கிடைக்கும்?

இந்த முறை ஆளை நன்றாகப் பார்த்துப் பிடிப்பது என்று மூன்று பேரை வரச் சொன்னேன்.

முதலாமவர் காரில் வந்தார். கொழும்புத்துறையில் கடலேரிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கிணறு உவர். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் மட்டும்தான் அது. குடிக்கிற தண்ணீர் நீர்வேலிப் பக்கத்திலிருந்து பிளாஸ்டிக் கானில் வரும். வீட்டுக்கு வந்தவருக்கு உவர்த் தண்ணீர் கொடுத்தால் அது குடும்பத்துக்கே வெட்கம். ஆகவே மனைவி கான் தண்ணீரைத்தான் வார்த்துக் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"கிணத்துத் தண்ணியிலை சீமெந்து குழைக்கலாமோ?" என்று கேட்டேன்.

"ஓம் ஐயா, வடிவாக் குழைக்கலாம். இப்ப குடிச்சனான்தானே."

எனக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. குடித்தது கான் தண்ணீர் என்று அவரைத் திருத்தவும் நான் போகவில்லை. இரண்டாமவர் சோடா குடித்தார், நல்ல நாள் பார்க்கச் சொன்னார், போய்விட்டார்.

மூன்றாமவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மனைவி நீட்டிய கிளாசை அவர் வாங்கவில்லை. "கிணறு எங்கை அம்மா?" என்று கேட்டுக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போனார். வாளியை விட்டு அள்ளி, உள்ளங்கையில் ஊற்றி, வாயில் வைத்தார். வைத்ததும் கிணற்றடியிலேயே துப்பினார். பிறகு இன்னொரு தடவையும் துப்பினார்.

மனைவியின் முகம் சுருங்கியது. "வந்த வீட்டுத் தண்ணியைத் துப்புற ஆளை உப்பிடியே அனுப்பிவிடுங்கோ" என்று என் காதுக்குள் சொன்னாள். எனக்கும் கோபந்தான். எங்கள் கிணற்றை நாங்கள் பழிக்கலாம், வெளியாள் எப்படிப் பழிக்கலாம்?

அவர் அதைக் கவனிக்கவேயில்லை. குசினிக்குள் போய், விழுந்த துண்டை வெளியே எடுத்து வந்து திருப்பிப் பார்த்தார். உள்ளே இருந்த கம்பியை நகத்தால் சுரண்ட, கறள் பொரிந்து அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

"சீமெந்து சரியாத்தான் போட்டிருக்கு ஐயா. போட்ட ஆள் குறைக்கேல்லை. உந்த உவர்தான் கம்பியைத் திண்டிருக்கு. ஆர் இந்தத் தண்ணியிலை குழைக்க விட்டது?"

நான் தென்னை மரத்தில் எத்தனை குலை என்று பார்த்தேன்.

நல்ல தண்ணீரைப் பவுசர் லொறியில் எடுத்தால் வேலை செய்வதாகவும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கும்படியும் சொல்லிவிட்டு அவர் போனார்.

"அவர் கேக்கேக்கை நீங்கள் ஏன் தென்னையைப் பாத்தனீங்கள்?" என்றாள் மனைவி.

ஒளிக்க வழியில்லை. பழைய பிளாட் போட்ட அன்றைக்குக் கிணற்று மோட்டரைப் போட்டு பீப்பாக்களை நிரப்பினது நான்தான் என்றேன்.

"அது தெரியும். அந்தக் கரவெட்டி மனுசன் பவுசர் எடுப்பம் எண்டு இரண்டு தரம் கேட்டவர். உப்புப் பாக்க சீமெந்துக்கு நாக்கு இருக்கோ எண்டு கேட்டது நீங்கள். வேலையாக்கள் எல்லாரும் சிரிச்சவை."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"தண்ணியாலைதான் வெடிச்சதெண்டு எனக்கென்ன தெரியும்? அவரைக் கள்ளன் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். நான் நம்பினனான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவள் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அன்று அவள் முருங்கையிலை முறிக்கப் போயிருக்காவிட்டால், நான் விட்ட தண்ணீர் கொங்கிறீட் துண்டாய் அவள் தலையில் விழுந்திருக்கும். அதை நினைக்கப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அவள் போனை எடுத்து, துப்பினவரையே அழைத்தாள்.

"தம்பி, நீங்களே செய்யுங்கோ. பவுசரைப் பற்றி ஐயாவைக் கேக்காதேங்கோ, என்னைக் கேளுங்கோ. வேலை துவங்கிற அண்டைக்கு அவர் இஞ்சை நிக்கமாட்டார்."

"எங்கை அனுப்பப் போறீர் என்னை?" என்றேன்.

"கரவெட்டிக்கு" என்றாள். "அந்த மனுசன்ரை வீட்டை போய், பிழை என்னிலைதான் எண்டு கும்பிட்டுச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு கோயில் வீதியிலையும் சொல்லுங்கோ."